அப்பன் பேர் தெரியாத மோட்டார்

ஜெர்மனிக்காரன் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு என்ன நிறத்தில் பனியன் போடப்போகின்றன என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே காசிமாயனுக்குத் தெரிந்துவிடும். சுள்ளிக்காட்டுப்புதூர் லைன்வீட்டு அடிபம்பில் ஒரு குடம் அடித்துப் பார்த்தால் போதும். மேற்கே சாயப்பட்டறைகளில் என்ன நிறம் ஓடுகிறதோ அது பூமிக்குள் இறங்கி, மூன்றாம் நாள் இங்கே பம்பில் வரும். ஒரு வருஷம் தொடர்ந்து இரண்டு மாதம் ரோஸ் நிறமாக வந்தது. அதைக் குடித்த ஒச்சம்மாளின் வெள்ளாடு ரோஸ் நிறத்தில் ஒரு குட்டி போட்டது. பார்க்கவில்லை என்று சொல்கிறவர்கள் அன்றைக்கு ஒன்றரை ஷிப்ட் போயிருப்பார்கள்.

காசிமாயனிடம் வெள்ளைச் சட்டை ஒன்று இருந்தது. ஓட்டுப் போடவும், உசிலம்பட்டிப் பக்கம் ஊருக்குப் போகவும் மட்டும் போடுகிற சட்டை. அதை இந்தத் தண்ணீரில் துவைப்பதில்லை. ஒருமுறை துவைத்து, அது ஒரு கட்சிக்காரர் நிறத்துக்கு வந்து, அடுத்த வாரம் மறுபடி துவைத்ததில் இன்னொரு கட்சிக்கு மாறி, டீக்கடையில் ரெண்டு தரப்பாரும் அவனோடு பேசாமல் போனார்கள். அது பழைய சட்டை. புதுச் சட்டை ஊருக்குப் போய்த்தான் துவைக்கப்படும்.

அவன் ஈஸ்வரமூர்த்தியின் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மனைவி முத்துப்பேச்சி அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல் எங்கே இருந்தாலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, "ஆல்டர்" என்று திருப்பி அனுப்பும் வேலை. பன்னிரண்டு வீடு கொண்ட அந்த லைனும் ஈஸ்வரமூர்த்தியுடையதுதான். 2006 அக்டோபரிலிருந்து பஞ்சாயத்துத் தலைவரும் அவர்தான்.

குடிக்கிற தண்ணீருக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை பஞ்சாயத்து லாரி வரும். காலை எட்டிலிருந்து சாயங்காலம் நாலுக்குள் எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. சீசன் நேரத்தில் ஒரு டெய்லர் ஒரு நாள் நின்றால், மறுநாள் அவன் மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். ஆகவே லாரி நாளில் நிற்பது மகள் அனுசுயா. பத்தாம் வகுப்பு. இன்னும் நாலு நாள் லீவு போட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது என்று பள்ளிக்கூடத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். பரீட்சை இல்லையென்றால் பிறகு பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டத்தான் போகவேண்டும். முத்துப்பேச்சி தேர்தலில் நின்றதே மகள் இப்படி நிற்காமல் இருக்கத்தான்.

தண்ணீருக்கும் தேர்தலுக்கும் அந்த ஊரில் இருந்த சம்பந்தம் வேறு எந்த ஊரிலும் கிடையாது. 2001 பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நாலு கால் வைத்த மேல்நிலைத் தொட்டி வந்தது. நாலாவது வார்டில் ஜெயித்த திருமூர்த்தி, மூலனூருக்கு முருங்கைக்காய் வாங்கப் போனவர், வியாபாரம் நன்றாக இருந்ததால் திரும்பவில்லை. வரிசையாக மூன்று கூட்டத்துக்கு வராததில் பதவி போயிற்று. 2003இல் இடைத்தேர்தல் வந்தது, தூரத்து ஆற்றுத் தண்ணீருக்குப் பைப்பு வந்தது. 2004இல் எம்.பி. தேர்தல், அதைத் தொட்டிக்கு ஏற்ற மோட்டார் வந்தது. 2006 மே மாதம் சட்டசபைத் தேர்தலுக்கு ஒவ்வொரு லைன்வீட்டுச் சுவரிலும் ஒரு பித்தளைக் குழாய் வந்தது, ரிப்பன் எல்லாம் கட்டி. ஒவ்வொன்றும் ஓட்டுக்கு முந்தின வாரம் வந்தது. ஓட்டு முடிந்த மறுநாள் வேலைக்காரர்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார்கள். இன்னும் வராதது மோட்டாருக்குக் கரண்ட் ஒன்றுதான்.

2006 அக்டோபரில் நாலாவது வார்டு பெண்களுக்கு என்று ஆனது. "அம்மிணி, நீங்களே நில்லுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி. முத்துப்பேச்சி நின்றாள், கத்தரிக்கோல் சின்னம், ஜெயித்தாள். அந்தத் தேர்தலுக்கு வேறு எதுவும் வரவில்லை. முத்துப்பேச்சி மட்டும்தான் வந்தாள்.

தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்த கையோடு, சாப்பாட்டு நேரத்தில், கணவனும் மனைவியும் முதலாளி அறைக்குப் போனார்கள். காசிமாயன் வாசலிலேயே நின்றுகொண்டான். உள்ளே போனால் டெய்லரா, மெம்பர் புருஷனா என்று அவனுக்குத் தெளிவாகவில்லை.

"உக்காருங்க அம்மிணி" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "மெம்பரு ஆயிட்டு இன்னும் நின்னுட்டே பேசினா எப்படீங்க?"

இரண்டு நாற்காலியிலும் கட்டிங் பண்டல் இருந்தது. அவள் நின்றாள்.

"மொதலாளி, தொட்டி இருக்கு. பைப்பு இருக்கு. மோட்டாரு இருக்கு. குழாயும் இருக்கு. கரண்டு மட்டுந்தேன் இல்ல."

"கம்பமும் பக்கத்துலயே நிக்குதுங்க அம்மிணி. மறு வார்த்தை இல்லை. ஆனா அந்த மோட்டாரு ஆரோடதுங்க?"

"நம்ம ஊரு மோட்டாருதான?"

"அதாங்க இல்லை. எம்.பி. எலெக்சனுக்கு ஒரு கட்சிக்காரங்க கொண்டாந்து வெச்சாங்க. தோத்துப்போயிட்டாங்க. கேட்டா, நாங்க வெக்கவே இல்லைங்கறாங்க. ஜெயிச்சவங்களைக் கேட்டா, அவிங்க வெச்சதை நாங்க தொட மாட்டோங்கறாங்க. கரண்டு ஆபீஸு பாரத்துல உடைமைதாரர் பேருன்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. அப்பன் பேரு இல்லாத மோட்டாரை எங்கீங்க சேத்தறது?"

"உங்க பேரைப் போடுங்க."

"எம்பட பேரைப் போட்டா நான் அந்தக் கட்சி ஆயிப்போவேனுங்க. தூக்கி அக்கட்டால வெச்சா இந்தக் கட்சி ஆயிப்போவேன். நமக்கு ரெண்டு பக்கத்துலயும் சம்பந்தி இருக்கறாங்க அம்மிணி."

"வேற வழியே இல்லீங்களா?"

ஈஸ்வரமூர்த்தி மோரைக் குடித்துவிட்டு, தண்ணீர் டம்ளரில் கை கழுவினார். "பஞ்சாயத்தே எடுத்துக்கலாமுங்க. அதுக்குக் கிராமசபைல தீர்மானம் போடோணும். ஆகட்டுங்க, பாக்கலாமுங்க."

தெற்கத்திக்காரர்கள் 'ஆகட்டும்' என்றால் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டுவார்கள். இங்கே ஆகட்டும் என்றதும் எல்லாரும் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏழு வருஷமாகியும் காசிமாயனுக்கு அது பிடிபடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை லைன்வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் முத்துப்பேச்சி வாசலுக்கு வந்தார்கள். முன்னால் ஒச்சம்மாள், அவள் பின்னால் ஏழாவது வீட்டு சிங்கர் டெய்லர் ராஜ்கமல். முத்துப்பேச்சி கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா மெம்பரு, கோவிச்சுக்கிறாத" என்றாள் ஒச்சம்மாள். "நீ ராஜினாமா பண்ணீரு."

"என்னாத்துக்கு? நாஞ் செயிச்சு முழுசா நாலு மாசம் ஆகல."

"அதேன் சொல்றேன். நீ இருக்குற வரைக்கும் எலெக்சன் வராது. எலெக்சன் வராட்டித் தண்ணி வராது. தொட்டி எப்ப வந்துச்சு?"

"எலெக்சனுக்கு."

"பைப்பு?"

"எலெக்சனுக்குத்தேன்."

"திருமூர்த்தி மட்டும் ஒழுங்கா மீட்டிங்குக்குப் போயிருந்தா பைப்பு வந்திருக்குமா? அவன் முருங்கைக்காய் வாங்கப் போகவும்தான் பைப்பு வந்துச்சு. இந்த எலெக்சனுக்கு என்னா வந்துச்சு? நீ வந்த. உன்னையத் திருகுனாத் தண்ணி வருமா?"

கருவாடு கருகியது. யாரும் சிரிக்கவில்லை. கேட்டது நியாயமாக இருந்தது.

"அக்கா, மறுபடி நீங்களே நில்லுங்க, மறுபடி நாங்களே போடுறோம்" என்றான் ராஜ்கமல். "நடுவுல கரண்டு மட்டும் வந்துட்டுப் போகட்டும்."

"நான் விலகுனா அடுத்த மாசமே எலெக்சன் வச்சிருவாகளா? அனுசுயாவுக்கு நாலு நாள்தேன் இருக்கு."

"இருந்தா மட்டும் வந்துருமா?" என்றாள் ஒச்சம்மாள்.

முத்துப்பேச்சி புருஷனைப் பார்த்தாள். காசிமாயன் அந்தப் பேச்சில் எங்காவது தையல் விட்டிருக்கிறதா என்று மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கழுத்தில் கையைத் தைத்த பனியன் மாதிரி இருந்தது. தையல் மட்டும் நேராக இருந்தது.

அன்று சாயங்காலம் அவன் மகளிடம் வெள்ளைத்தாளை நீட்டினான். "எழுதுத்தா. மேற்படி விசயம் என்னன்னா, உங்காத்தா விலகுறா."

அனுசுயா பேனாவில் மை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "எனக்காகத்தான நின்னாக? இப்ப எனக்காகவே விலகுறாகளா?"

"ஆமா."

"இது எப்படிப்பா?"

"எழுதுத்தா. எழுதுனாப் புரியும்."

அவள் நீல மையில், மணிமணியான எழுத்தில் எழுதினாள். எழுதி முடித்தும் ரெண்டு பேருக்கும் புரியவில்லை. முத்துப்பேச்சி அதில் கையெழுத்துப் போட்டாள். குடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, குடுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "குடியரசு தினத்தன்னைக்கு மொதலாளி கொடியேத்த வருவாரு. அன்னைக்குப் பாப்போம்" என்றாள். காசிமாயன் கடிதத்தை நாலாக மடித்து வெள்ளைச் சட்டைப் பையில் வைத்தான்.

ஜனவரி இருபத்தாறு வெள்ளிக்கிழமை. கம்பெனிக்கு லீவு. தை மாதத்துப் பனி இன்னும் கூரைத்தகட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. காலை எட்டரைக்குப் பஞ்சாயத்து எழுத்தர் தனபால் மொபெட்டில் வந்து, பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தான்.

சுள்ளிக்காட்டுப்புதூர்க் கிராமசபை என்பது மனிதர்கள் கூடுகிற சபை அல்ல, அந்த நோட்டுத்தான். வருஷத்துக்கு நாலு தடவை அது மொபெட்டில் ஏறி வீடு வீடாகப் போய் ஜனங்களைச் சந்தித்துவிட்டு வரும்.

"மெம்பரக்கா, இங்கொரு கையெழுத்துங்க. சுருக்கா. இன்னும் மூணு வார்டு போகோணும்."

முத்துப்பேச்சி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினாள். தரையில் முட்டங்கால் போட்டு, பனியனை விரிப்பதுபோல அதை விரித்தாள்.

"படிக்கோணுமுங்களா?" என்றான் தனபால். "அதைய ஆருமே படிச்சதில்லீங்களே."

"பாக்காம பீஸை விட்டா எங்க லைன்ல வைவாக தம்பி."

அவள் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வரியாக வந்தாள். முதல் வரியிலேயே விரல் நின்றது. "'காலை பத்து மணிக்குத் தொடங்கிய கூட்டம், பதினோரு மணிக்கு நன்றியுரையுடன் இனிதே நிறைவுற்றது.' இப்ப மணி என்னா?"

"எட்டு நாப்பதுங்க."

"பத்து மணிக் கூட்டம் முடிஞ்சே போச்சா? அனுசுயா, அந்த ஸ்டிக்கரு அட்டைய எடுத்துட்டு வா."

அனுசுயா பாடப்புத்தகத்தில் முக்கியமான இடங்களைக் குறித்துக்கொள்ள ஆத்தாளின் ஸ்டிக்கர் அட்டை ஒன்றை வைத்திருந்தாள். சிவப்பு அம்பு ஒன்று நோட்டில் ஒட்டியது.

"அக்கா! அரசாங்க நோட்டுங்க!"

"இது ஆரு கையெழுத்து, திருமூர்த்தியா? அவரு மூலனூர்ல இருக்காரு." ஒரு அம்பு. "மூணாவது வீட்டுத் தாத்தா. அவரு செத்து ஒரு வருசம் ஆச்சு, நாமதேன் தூக்கிட்டுப் போனோம்." ஒரு அம்பு. "இது... ஏய்யா, இங்க வா. உன் பேரு."

காசிமாயன் குனிந்து பார்த்தான். அவன் பேர்தான். அவன் போடுவதைவிட அழகான கையெழுத்து. ஒருவேளை தான் கூட்டத்துக்குப் போய், நன்றியுரைக்குக் கைதட்டிவிட்டும் வந்திருக்கிறோமோ என்று அவனுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. எழுத்தில் இருக்கிறதே.

கடைசி வரிக்கு வந்தாள். "'நாலாவது வார்டில் குடிநீர்க் குறைபாடு ஏதும் இல்லை என மக்கள் மகிழ்ச்சியுடன் தெரிவித்தனர்.'" அந்த வரியைச் சுற்றி ஆறு அம்புகள் ஒட்டினாள். பிறகு நோட்டை மூடி, தனபால் கையில் கொடுத்தாள். "ஆல்டர். பிரிச்சுத் தச்சுக் கொண்டாங்க."

"பிரசிடெண்டு வைவாருங்க அக்கா!"

"அவரையே வரச் சொல்லுங்க. பத்து மணிக்குத் தொட்டிக்குக் கீழ இருக்கேன். நோட்டுல போட்டுருக்குல்ல, பத்து மணின்னு?"

பத்து மணிக்குத் தொட்டியடியில் கூடின கூட்டத்தைப் பார்த்து ஈஸ்வரமூர்த்தி காரை விட்டு இறங்கவே யோசித்தார். நாலாவது வார்டில் இருந்த பதினாலு லைன் ஜனமும் அங்கேதான் நின்றது. முத்துப்பேச்சி ராஜினாமாக் கடிதம் கொடுக்கப்போகிறாள், அடுத்து எலெக்சன் என்று ஒச்சம்மாள் காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள். இடைத்தேர்தல் எந்த நிமிஷம் தொடங்கி என்ன கொடுப்பார்களோ என்று சிலர் குடத்தோடேயே வந்திருந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்து நிட்டிங் ஓட்டுகிற பையன்கள் நாலு பேர், என்ன ஏது என்று தெரியாமல் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனுங்க இத்தனை பேரு?" என்று தனபாலிடம் கேட்டார். "மறுக்கா எலெக்சன் வந்துருச்சுங்களா?"

"இல்லீங்க. இது கிராமசபையாமுங்க."

"ஆளுங்களை வெச்சா?"

முத்துப்பேச்சி முன்னால் வந்து நின்றாள். காசிமாயன் பையில் கையை வைத்துக்கொண்டு, இப்பவா, அப்புறமா என்று கண்ணால் கேட்டான்.

"இருய்யா" என்றாள் அவள். "கையில இருக்குற பீஸை முடிக்காம லைனை விட்டு எந்திரிக்கக் கூடாது." பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "இந்த மோட்டாருக்கு அப்பன் பேரு இல்லைன்னுதேன் கரண்டு குடுக்க மாட்டேங்குறாக. பஞ்சாயத்தே இத எடுத்துக்கிறணும். சரிங்கிறவுக கையத் தூக்குங்க."

ஒருவரும் தூக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, சின்னம் என்னாக்கா?" என்றான் ராஜ்கமல்.

"சின்னம் இல்ல. மோட்டாருதேன்."

"மோட்டாரை எதுத்து ஆரு நிக்கிறது?"

"யாருமில்ல."

"எதுத்து ஆளில்லாம எப்பிடிக்கா ஓட்டுப் போடுறது?"

ஒச்சம்மாள் எழுந்தாள். "அதெல்லாம் இருக்கட்டும். இதுக்கு என்னா குடுப்பாக?"

"தண்ணி."

"ஓட்டுக்கு முந்தியா, பிந்தியா?"

"பிந்தித்தேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. ஓட்டுக்குப் பிந்தி ஏதாவது வந்து அவர்கள் யாரும் பார்த்ததில்லை. குடத்தோடு வந்த ரெண்டு பேர் கிளம்பினார்கள்.

அப்போது ஒரு கை உயர்ந்தது. அனுசுயா. மையாக இருந்தது விரலெல்லாம்.

"கண்ணு, நீ எறக்கிக்க" என்றான் தனபால், பாவம், சட்டப்படி. "உனக்கு இன்னும் வயசு ஆகலை."

அவள் இறக்கினாள். இறங்குகிற அந்தக் கையையே ஒச்சம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நாளைக்கு ஒருமுறை லாரிக்குப் பின்னால் அவளுக்கும் சேர்த்து ரெண்டு குடம் பிடித்து வைக்கிற கை அது. "அட போங்கடா" என்று யாரையோ திட்டிவிட்டு, தன் கையை விருட்டென்று தூக்கினாள். "வயசு எனக்கு ஆயிருக்கு. எழுதுய்யா!"

ராஜ்கமல் தூக்கினான். பிறகு லைன் லைனாகக் கைகள் ஏறின. ஒடிசாப் பையன்களும் தூக்கினார்கள். அவர்களை எழுதலாமா என்று தனபால் கேட்டதற்கு, தண்ணி குடிக்கிறவன்தானே என்று யாரோ கத்தினார்கள், ஆனாலும் அவன் எழுதவில்லை. காசிமாயன் எந்தக் கையைத் தூக்குவது என்று தெரியாமல் ரெண்டையும் தூக்கினான். தனபால் ரெண்டு என்று எழுதி, பிறகு ஒன்றை அடித்தான். ஈஸ்வரமூர்த்தி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ரெண்டு கட்சிக்காரனும் அதில் கை தூக்கி நின்றான். அவர் கையும் மெல்ல மேலே போயிற்று. தலை சொறியத்தான் தூக்கினேன் என்று பிற்பாடு கம்பெனியில் சொல்லிக்கொண்டார். நோட்டில் ஏறினது ஏறினதுதான்.

"அப்ப கடுதாசி?" என்று காசிமாயன் மனைவியிடம் கேட்டான்.

"கரண்டு வரட்டும். வராட்டிக் குடுப்போம்."

அவன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

அதன்பின் முத்துப்பேச்சி நோட்டை விடவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்க நிற்கும்போதெல்லாம், "மொதலாளி, பாரம் போயிருச்சா?" என்று கேட்டாள். "ஆகட்டுங்க" என்றால், அந்த இடத்திலேயே நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசையும் நின்றது. மூன்றாவது சனிக்கிழமை ஈஸ்வரமூர்த்தியே, "போயிருச்சுங்க அம்மிணி, நகருங்க" என்றார். இடையில் லாரி மூன்று தடவை வந்தது. அனுசுயா மூன்று நாள் நின்றாள். மிச்சம் ஒரே ஒரு நாள்.

பிப்ரவரி மாதக் கடைசி. கரண்ட் ஆபீஸ்காரர்கள் கம்பத்திலிருந்து மோட்டாருக்கு ஒயர் இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கரண்ட் லீவு என்று கம்பெனியை மூடியிருந்த ஒரு முற்பகல். அன்றைக்கு லாரி நாள். பெற்றவர்கள் ரெண்டு பேரும் வீட்டில் இருந்ததால் அனுசுயா ரெட்டைச்சடையோடு பள்ளிக்கூடம் போயிருந்தாள். கரண்ட் திரும்பி வந்ததும் எங்கோ மோட்டார் உறுமியது. சுவரில் பித்தளைக் குழாய் இருமியது, ஒரு பல்லியைத் துப்பியது, பிறகு தண்ணீர் வந்தது.

யாரும் கிட்டே போகவில்லை.

"என்னாடி இது?" என்றாள் ஒச்சம்மாள். "கலரே இல்லாம வருது?"

அங்கேயே பிறந்த பிள்ளைகள் அப்படி ஒரு தண்ணீரைக் குழாயில் பார்த்ததில்லை. ஒன்று அழுதது. காசிமாயன் உள்ளங்கையில் பிடித்துக் குடித்தான். எந்த ருசியும் இல்லை. அதுதான் நல்ல தண்ணீரா என்று அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

முத்துப்பேச்சி முதல் வாளியைப் பிடித்தாள். வீட்டுக்குள் போய், ஆணியில் தொங்கின வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து அதில் முக்கினாள். ஒரு அமுக்கு அமுக்கினாள்.

வாளித் தண்ணீர் நீலமாகியது.

"நாஞ் சொன்னேன்ல!" ஒச்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "எலெக்சன் இல்லாம வந்த தண்ணி இப்பிடித்தேன் இருக்கும்! சாயம் இதுலயும் எறங்கிருச்சு!"

லைனே கூடிவிட்டது. முத்துப்பேச்சி சட்டைப் பைக்குள் விரலை விட்டு, கூழாகிப்போன ஒரு தாள் உருண்டையை எடுத்தாள். அதில் 'மேற்படி' மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. காசிமாயனைப் பார்த்தாள். கடிதம் என்று சொன்னால், அது ஏன் இன்னும் பையில் இருந்தது என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் சாயம்தான் என்று நம்பி மறுபடி கடிதம் எழுதச் சொல்வார்கள்.

"இந்தா" என்று முத்துப்பேச்சி தாலிக்கயிற்றுப் பக்கம் ஒட்டி வைத்திருந்த ஓர் அம்பு ஸ்டிக்கரை எடுத்து, பையில் இருந்த நீலக்கறைமேல் ஒட்டி, சட்டையை அவன் தோளில் போட்டாள். "ஆல்டர். நீயே அலசு." வாளியைக் கவிழ்த்து, புதிதாகப் பிடித்து எல்லாருக்கும் காட்டினாள். அடிவரை தெரிந்தது.

கவிழ்த்த நீலத் தண்ணீர் எங்கே போவது என்று தெரியாமல் சற்று நின்றது. லைன்வீட்டுக்குச் சாக்கடை கிடையாது; இத்தனை வருஷம் ஓடுவதற்குத் தண்ணீர் இருந்ததில்லை. அது மெல்ல ஒச்சம்மாள் வாசலைச் சுற்றி, ஏழாவது வீட்டுக்குள் நுழையப் பார்த்தது. ராஜ்கமல் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினான்.

ஒச்சம்மாள் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அதையே பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"ஏத்தா மெம்பரு. அடுத்த கூட்டம் எப்ப?"

"மே மாசம் ஒண்ணாந்தேதி."

"நோட்டு வருமா, ஆளு வருமா?"

முத்துப்பேச்சி பதில் சொல்வதற்குள், சட்டையை அலசிக்கொண்டிருந்த காசிமாயன், யாரும் எதுவும் கேட்காமலேயே ஈரக்கையை மேலே தூக்கினான். பிறகு எதற்கென்று தெரியாமல் அதை அங்கேயே வைத்திருந்தான்.